சிஸ்டர் பதில்கள்: வயிற்றுப் பிள்ளைக்கு லாக்டவுன் தெரியாது

தாராவியில் 31 ஆண்டுகள் துணைச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், மும்பை வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். தொற்றுநோய்க் காலத்துப் பேறுகாலம், பிள்ளை வளர்ப்பு பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில்.

*

மறுபடியும் கொரோனா என்று டிவியில் ஓடுகிறது. மருமகளுக்கு ஏழாம் மாதம். மாசாமாசம் ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவதற்குப் பதில், வீட்டிலேயே பத்திரமாக வைத்திருந்து வலி எடுத்ததும் கொண்டுபோனால் போதாதா?
– ஒரு மாமியார், செம்பூர்

போதாது அம்மா.

செக்கப்பில் அப்படி என்ன பெரிதாகச் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எடை பார்க்கிறார்கள், கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்க்கிறார்கள், விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள், மூத்திரத்தைச் சோதிக்கிறார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். காத்திருப்பது இரண்டு மணி நேரம், வேலை ஐந்து நிமிஷம். ஆனால் பிபி ஏறுவது யாருக்கும் வலிக்காது. பிள்ளைத்தாச்சி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், கருவி 150 காட்டும். அது தெரிய அந்த ஐந்து நிமிஷத்தை விட்டால் வேறு வழி இல்லை.

2020 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கை அறிவித்தார்கள். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கேஸ். அதற்குள் சந்து சந்தாக மூங்கில் கட்டி அடைத்துவிட்டார்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே வேலைதான், வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்ப்பது. அப்படி ஒரு சந்தில் ஏணி ஏறி மேல் கோலிக்கு, அதாவது மாடி அறைக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எட்டாம் மாதம், தலைப்பிரசவம். அவள் அட்டையில் ‘ஏப்ரல் 9 வரவும்’ என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. அவள் வரவில்லை. எப்படி வருவாள்? சந்து அடைத்திருக்கிறது. வந்திருந்தாலும் நான் அங்கே இல்லை, அவள் பக்கத்துச் சந்தில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இமை இரண்டும் தடித்து, மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. மாமியார், “நீர் வீக்கம்தான், பார்லிக் கஞ்சி குடுக்கேன், வடிஞ்சிரும்” என்றார். அவளோ, “ரெண்டு நாளா தலைவலி மட்டுந்தான் சிஸ்டர், மாத்திரை இருக்கா?” என்றாள். என் பையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இருந்தது. ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் இருந்தது. பிபி கருவி இல்லை. அது எங்களுக்குக் கொடுத்த பட்டியலிலேயே இல்லை. துப்பாக்கியை நெற்றியில் வைத்தேன், 97.8. ‘நார்மல்’ என்று படிவத்தில் எழுதவேண்டியதுதான் என் வேலை.

படிவத்தை மூடிவிட்டு டாக்ஸிக்கு ஆள் அனுப்பினேன். முதலில் போன இடத்தில் கொரோனா ரிப்போர்ட் கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் கட்டில் இல்லை. மூன்றாவது இடத்தில் சேர்க்கும்போது நடுராத்திரி, வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஆகவே ஏப்ரல் 9 என்று எழுதியிருந்தால் ஏப்ரல் 9 போகவேண்டும். பேறுகாலம் முழுக்கக் குறைந்தது நாலு செக்கப். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளை மருத்துவரே இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு 2016 முதல் இருக்கிறது. கூட்டத்துக்குப் பயமாக இருந்தால் மருமகளும் துணைக்கு ஒரே ஒரு ஆளும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும், சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், முகம் வீங்கினால், மேல்வயிறு வலித்தால், உதிரம் பட்டால், தண்ணீர்க்குடம் உடைந்தால், பிள்ளை அசைவு குறைந்தால், காய்ச்சல் வந்தால் தேதியெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள். பார்லிக் கஞ்சி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பிபி பார்த்த பிறகு கொடுங்கள்.

*

கர்ப்பிணிகள் கபசுரக் குடிநீர் குடிக்கலாமா?
– ஒரு வாசகி, முலுண்ட்

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கஷாயம், அரிஷ்டம், பக்கத்து வீட்டு மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டுக் கஷாயம் காய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடிதம் எழுதிய நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

*

2020இல் தட்டு தட்டினோம், விளக்கேற்றினோம், உங்களையெல்லாம் தெய்வம் என்றோம். அதே சமயத்தில் நிறைமாதமாக இருந்த என் அக்காவை இரண்டு நர்சிங் ஹோம் வாசலோடு திருப்பி அனுப்பின. பிரசவ வார்டைத் திறந்துவைக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதா இல்லையா?
– கோபத்தோடு ஒரு தம்பி, உல்லாஸ்நகர்

கோபப்படுங்கள் தம்பி, நியாயமான கோபம். சொன்னார்கள். 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் பிரசவம், தடுப்பூசி போன்ற அத்தியாவசிய சேவைகள் நிற்கக்கூடாது என்று வழிகாட்டுதல் அனுப்பியது. மே மாதத்தில் தாய் சேய் சேவைகளுக்கென்றே தனியாக இன்னொன்று வந்தது. கொரோனா இருக்கிறதோ இல்லையோ, பிரசவத்துக்கு வருகிறவளைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதுதான் அதன் சாரம்.

காகிதம் வந்தது. ஆள் வரவேண்டுமே? லோக்கல் ரயில் மார்ச் கடைசியில் நின்றது. அத்தியாவசிய ஊழியர்களுக்கு ஜூன் 15இல்தான் மறுபடி ஓடியது. பிரசவ வார்டில் துடைத்துப் பெருக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுக்கிற மாவ்ஷிகளில் பாதிப்பேர் கல்யாண், விரார், பன்வேல் பக்கம் இருக்கிறவர்கள். ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்திக்குத் தொற்று வந்தால் அவளோடு டூட்டி பார்த்தவர்கள் எல்லாம் தனிமையில். பாதுகாப்பு உடை பற்றாக்குறை. ஆம்புலன்ஸ் கொரோனாவுக்குப் போயிற்று. ரத்ததான முகாம் நடக்கவில்லை, ரத்த வங்கியில் பை குறைந்தது. இதற்கெல்லாம் மேலே பயம். நாங்களும் வீட்டில் வயதானவர்களை வைத்திருந்தவர்கள்தான். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை அங்கே முடிச்சுப் போடமுடியும்.

இதில் எனக்கு ஆறாத கோபம் என்னவென்றால், இது தெரியாமல் நடந்த தப்பு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது, 2014–15இல், சியரா லியோன் நாட்டில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். அந்த ஒரு காரணத்தால் குறைந்தபட்சம் 3,600 தாய்மார்களும் பச்சைப் பிள்ளைகளும் கூடுதலாக இறந்தார்கள், பிறக்கும்போதே இறந்த பிள்ளைகளையும் சேர்த்து. அந்த நாட்டில் எபோலாவால் இறந்தவர்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2020 மே மாதம் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 118 நாடுகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சேவைகள் பத்திலிருந்து பதினெட்டு சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே ஆறு மாதத்தில் கூடுதலாக 2,53,500 குழந்தைகளும் 12,200 தாய்மார்களும் இறக்க நேரும் என்றது அந்தக் கணக்கு. பெரிய ஆபரேஷன் தியேட்டர் மூடினால் என்ன ஆகும் என்ற கணக்கு இல்லை இது. ஊசி, மாத்திரை, பிபி பட்டை, பிரசவம் பார்க்க ஒரு கை, இவை குறைந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். அதே மும்பையில் நாயர் ஆஸ்பத்திரியைக் கொரோனாவுக்கென்றே ஒதுக்கியபோது, தொற்று இருந்த தாய்மார்களுக்கு அங்கே நூற்றுக்கணக்கில் பிரசவம் பார்த்தார்கள். பரேலில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இனப்பெருக்க ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் அந்தப் பெண்களின் விவரங்களைப் பதிவேடாகச் சேர்த்தது. முதல் அலையில் தொற்று வந்த கர்ப்பிணிகளிலும் பிள்ளை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 0.7 பேர் இறந்தார்கள், இரண்டாம் அலையில் 5.7 பேர் என்று 2021இல் சொல்ல முடிந்தது அந்தப் பதிவேடு இருந்ததால்தான். அதற்குப் பிறகு, 2021 ஜூலை 2 அன்று, கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போடலாம் என்று அனுமதித்தார்கள். அதுவரை எத்தனை பிள்ளைத்தாச்சிகள் என்னிடம் வந்து “எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்டிருப்பார்கள்!

நான் இருந்த மையத்திலும் முதல் சில வாரம் தடுப்பூசி நாள் நடக்கவில்லை. இதையும் எழுதாவிட்டால் உங்கள் கடிதத்துக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னதாகாது.

இனி ஒரு முறை யாராவது வாசலில் நிறுத்தினால், ‘சேர்க்க முடியாது’ என்பதை நேரத்தோடு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசு ஆஸ்பத்திரியின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே ஒரு மேற்கு வங்க வழக்கில் சொல்லியிருக்கிறது. பேனாவை நீட்டியதும் கதவு திறந்ததை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். திறக்காவிட்டால் அங்கேயே நின்று சண்டை போடவேண்டாம். 108க்கு அடியுங்கள், அடுத்த இடத்துக்குக் கிளம்புங்கள். சண்டையைப் பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

*

என் மகன் இரண்டாம் அலையில், 2021 மே மாதம் பிறந்தவன். ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகு எதுவும் போடவில்லை. பயம், பிறகு மறதி. இப்போது பள்ளியில் அட்டை கேட்கிறார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமா? திட்டுவார்களா?
– ஓர் அம்மா, 90 அடி சாலை, தாராவி

முதலிலிருந்து வேண்டாம் கண்ணு. போட்டது போட்டதுதான், உடம்பு மறக்காது. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 16இலிருந்து 24 மாதத்துக்குள் போட்டிருக்கவேண்டிய தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் ஊசி, டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர், போலியோ சொட்டு, இவைதான் உன் பிள்ளைக்கு விட்டுப்போயிருக்கும். தட்டம்மை ஊசியை அரசுத் திட்டத்தில் ஐந்து வயது வரைக்கும்தான் போடுவார்கள், அதனால் இந்த வாரமே போ. அட்டை தொலைந்திருந்தாலும் போ, மையத்துப் பதிவேட்டில் பேர் இருக்கும். திட்டினால் வாங்கிக்கொள். நானாக இருந்தால் கொஞ்சம் திட்டியிருப்பேன், ஊசி போட்டுவிட்டு.

“தட்டம்மைதானே, மாரியாத்தா வந்தா வேப்பிலை போட்டா இறங்கிருவா” என்று நம் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். வேப்பிலையைக் கட்டுங்கள், சாமி கும்பிடுங்கள். ஆனால் 2022 அக்டோபர், நவம்பரில் கோவண்டியில் நடந்ததை மறக்கவேண்டாம். கொரோனாக் காலத்தில் ஊசி விட்டுப்போன பிள்ளைகள், நெருக்கமான வீடுகள், சத்துக் குறைந்த உடம்பு. தட்டம்மைக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வீட்டில் வந்தால் ஊசி போடாத பிள்ளை பத்தில் ஒன்பதைப் பிடிக்கும் நோய் அது. நுரையீரலில் சளி கட்டிப் பிள்ளைகள் இறந்தார்கள். பிறகுதான் வார்டு வார்டாக ஓடி, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கும் ஒன்பது மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை கூடுதல் ஊசி, வைட்டமின் ஏ என்று கொடுத்தார்கள். 2021 ஒரு வருஷத்தில் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 4 கோடிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு தட்டம்மை ஊசி விட்டுப்போனது. கொரோனாவுக்குப் பயந்து அடைத்த கதவு இரண்டு வருஷம் கழித்து இப்படித்தான் திறந்தது.

*

அம்மாவுக்குக் காய்ச்சல், கொரோனா பாசிட்டிவ் என்றால் பிறந்த பிள்ளையைத் தனியாக வைத்துப் பவுடர் பால் கொடுப்பதுதானே நல்லது?
– ஒரு புது அப்பா, நெரூல்

இல்லை. அம்மா முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாய்ப்பாலே கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்து சொல்லிவந்தது. எழுந்து உட்கார முடியாத அளவுக்கு அவளுக்கு முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்திலும் பாலாடையிலும் புகட்டலாம். எடை குறைந்து பிறந்த பிள்ளையாக இருந்தால் அம்மாவின் நெஞ்சோடு அணைத்து வைப்பது இன்னும் முக்கியம். தாய்க்குப் பால் இறங்காவிட்டாலும் டப்பாவுக்கு ஓடவேண்டியதில்லை. நம் சயான் ஆஸ்பத்திரியில் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. பக்கத்துத் தெருவில் இப்படி ஒன்று இருப்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது.

*

பெயர் வேண்டாம் சிஸ்டர். லாக்டவுனில் மாத்திரை கிடைக்காமல் மூன்றாவது உண்டாகிவிட்டது. யாரிடமும் சொல்ல முடியவில்லை, பெற்றுவிட்டேன், இப்போது அவள்தான் என் உயிர். ஆனால் மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால்?
– ஆன்டாப் ஹில்

சின்னவளுக்கு என் முத்தம்.

உங்களைப் போல எத்தனையோ பேர். 2020இல் நாங்கள் கையில் வைத்திருந்த படிவத்தில் காய்ச்சலுக்குக் கட்டம் இருந்தது, இருமலுக்கு இருந்தது. “மாத்திரை தீர்ந்துவிட்டதா?” என்று கேட்கக் கட்டம் இல்லை. கருத்தடையை யாரும் அவசரமாக நினைப்பதில்லை.

இப்போதே முடிவு செய்யுங்கள். காப்பர்‑டி வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் ரயில் நின்றாலும் கவலை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி அரசு மையங்களில் இலவசம். தேதி தவறினாலும் நாலு வாரம் வரை போட்டுக்கொள்ளலாம், அதற்காகத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். நாள் தள்ளிப்போனால் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி நீங்களாக விழுங்காதீர்கள். 2021இல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்வது சட்டப்படி சரியானதுதான். கணவர் கையெழுத்து வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும்.

*

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு, தூத்துக்குடி. 2020 மாதிரி ரயில் நின்றுவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வேனோ என்று பயம்.
– கல்யாண்

போவதென்றால் எட்டாம் மாதத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள், அதைத் தள்ளவேண்டாம். இங்கே பதிந்த எண்ணும் அட்டையும் ஸ்கேன், ரத்த ரிப்போர்ட்டும் ஒரே பையில் இருக்கட்டும், செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து ‘பிக்மி’ எண் வாங்கவேண்டும், பிறப்புச் சான்றிதழ் எடுக்க அதைக் கேட்பார்கள். ஊரில் இருக்கும் கிராமச் செவிலியரை அம்மாவே போய்ப் பார்த்துச் சொல்லி வைக்கட்டும். அதே நேரம் கல்யாணிலும் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கட்டும். 2020இல் வளைகாப்பு முடிந்து, பெட்டி கட்டி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆஸ்பத்திரியிலும் பேர் இல்லாமல் நின்ற பெண்கள் என் வார்டில் மட்டும் ஏழு பேர்.

*

எங்கள் தமிழ்ச் சங்கம் 2020இல் ஆயிரம் வீடுகளுக்கு அரிசி, பருப்பு கொடுத்தது. அடுத்த தடவை தாய் சேய்க்காக ஏதாவது செய்ய நினைக்கிறோம். என்ன செய்யலாம்?
– சங்கச் செயலாளர், நவி மும்பை

அடுத்த தடவை வரை காத்திருக்காதீர்கள் ஐயா. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். உங்கள் பகுதியில் எத்தனை பிள்ளைத்தாச்சி, யாருக்கு எந்தத் தேதி, ரத்த வகை என்ன, எந்த ஆஸ்பத்திரி, அது மூடினால் இரண்டாவது எது, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருகிற வண்டிக்காரர் யார். அவ்வளவுதான். நான் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தேன், நாற்பது பக்க நோட்டு. ஏப்ரல் முடிவில் அந்தச் சந்திலிருந்து திரும்பி வந்த அன்று எழுத ஆரம்பித்தது. அதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போன் அடிப்பேன். “தலை வலிக்குதா, பிள்ளை அசையுதா, மாத்திரை இருக்கா?” மூன்றே கேள்வி. நோட்டில் உங்கள் உறுப்பினர்களை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் கட்டடம் எழும்பினால் அங்கே தகரக் கொட்டகையில் பிகார், ஒடிசாப் பெண்கள் இருப்பார்கள், அவர்களைத்தான் யாரும் எழுதுவதில்லை.

உங்கள் மண்டபத்தைத் தடுப்பூசி நாளுக்குக் கொடுக்கமுடியும் என்று மாநகராட்சி சுகாதார அதிகாரிக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களோடு பச்சைப் பிள்ளையைக் கொண்டு நிற்கத்தான் அம்மாக்கள் பயந்தார்கள். ஊசிக்கு யாரும் பயப்படவில்லை. மண்டபத்தில் இரண்டு வாசல் இருந்தால் ஒன்றில் வந்து இன்னொன்றில் போகலாம், ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரக் காற்றோட்டமான இடம், கைகழுவத் தண்ணீர், வருகிற நேரத்தைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள். ஐஸ் பெட்டியும் ஊசியும் நர்ஸ் கொண்டுவருவார். ரத்தம் கொடுக்கிறவர்கள் பட்டியலும் ஒன்று வேண்டும், நெகட்டிவ் வகைக்காரர்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பிறகு, பிபி கருவி இரண்டு வாங்குங்கள். நான் ஓய்வுபெற்ற மறுநாள் செய்த முதல் செலவு அதுதான். இப்போதும் கைப்பையில் கிடக்கிறது, பேரன் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வாங்கும்போது பட்டை இரண்டு அளவில் கேளுங்கள். ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் குறைத்துக் காட்டும், ஏறியிருக்கிற பிபி ஏறாத மாதிரித் தெரியும். உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் விட்டுவிட்டுப் பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு உட்காரவேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். உபயோகிக்காத நாளில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்துவிடும்.